ஞாபகம் கூடேல்லை, குளிசையை நிப்பாட்டவா?

கேள்வி (கிண்ணியாத் தம்பி), 2023 செப்டெம்பர் 11

உம்மாக்கு 73 வயசு. அல்சைமர் எண்டு சொல்லி டொனெப்பசில் 5 மில்லிகிராம் தொடங்கி மூணு மாசம். ஒரு மாற்றமும் இல்ல. நேத்தும் என்ட பேரக் கேட்டா. வயித்தால போகுது வேற. காசும் போகுது. நிப்பாட்டினா என்ன? திருகோணமலைப் பக்கம் ஆராச்சும் இந்த வருத்தக்காரரை வச்சுப் பாத்த ஆக்கள் இருந்தா சொல்லுங்க.

2023 செப்டெம்பர் 12

தம்பி, நிப்பாட்டாதீங்கோ.

எங்கட அம்மாக்கு 78. நாலு வருசமா பாக்கிறம், திருகோணமலைக் கோட்டைப் பக்கம் வீடு. நீங்கள் கேக்கிற அதே கேள்வியை நானும் கிளினிக்கில கேட்டு வாங்கிக் கட்டினனான். அந்தக் குளிசை பேரை ஞாபகப்படுத்தத் தாறது எண்டுதான் நானும் நினைச்சன். உங்கட பேர் மறந்தது மறந்ததுதான். உம்மா சட்டைக் கொழுக்கியைத் தானே பூட்டுறாவா? சோத்தைத் தானே பிசைஞ்சு சாப்பிடுறாவா? ரொய்லெற்றுக்குப் போக வேணும் எண்டு சொல்லுறாவா? ஜூனில செய்ததை இப்பவும் செய்யுறா எண்டால் உங்கட காசு தண்ணியில போகேல்லை. ஆனா அது கண்ணுக்குத் தெரியாது, ஒண்டும் நடக்காத மாதிரித்தான் இருக்கும்.

வயித்தால போறது சாப்பாட்டோட குடுத்தால் குறையும், கனபேருக்கு ரெண்டு மூண்டு கிழமையில அடங்கும். அடங்காட்டி டொக்டரிட்டச் சொல்லுங்கோ. குளிசை இரவில படுக்கேக்க.

2023 செப்டெம்பர் 12, இரவு

காலமை எழுதினது கொஞ்சம் வீரமாப் போட்டுது. கணக்கையும் சொல்லிவிடுறன், பிறகு ஏமாத்தினன் எண்டு சொல்லக்கூடாது.

டொனெப்பசில், ரிவாஸ்டிக்மின், கலன்டமின் மூண்டும் ஒரே குடும்பம். மூளையில அசெட்டில்கோலின் எண்ட சாமான் உடைஞ்சு போறதைக் குறைக்கும், இருக்கிறது கொஞ்சம் கூட நேரம் நிண்டு வேலை செய்யும். நரம்புக்கலம் சாகிறதை நிப்பாட்டாது. பரிசோதனைகளைச் சேர்த்துப் பாத்த இடத்தில, ஞாபகத்தையும் யோசனையையும் அளக்கிற 70 புள்ளி அளவுகோலில சராசரியா 2.7 புள்ளிதான் வித்தியாசம். அவ்வளவுதான். மாயமும் இல்லை மந்திரமும் இல்லை.

ஆனா நிப்பாட்டினால் என்ன எண்டதுக்கும் ஒரு பரிசோதனை இருக்கு. இங்கிலாந்தில, 2012இல வெளிவந்தது, டொமினோ எண்டு பேர். வருத்தம் நடுத்தரத்துக்கு மேல போன 200 பேர் அளவில எடுத்து, சிலருக்கு டொனெப்பசிலைத் தொடர்ந்தும் சிலருக்கு நிப்பாட்டியும் ஒரு வருசம் பாத்தவை. தொடர்ந்த ஆக்கள் உடுப்பு, சாப்பாடு, குளிப்பு மாதிரியான அன்றாட வேலைகளில கொஞ்சம் மேல நிண்டவை. நிப்பாட்டின ஆக்கள் முதல் வருசத்தில முதியோர் இல்லத்துக்குப் போறது ரெட்டிப்பா இருந்தது எண்டு பிறகு 2015இல எழுதினவை. அதுக்குப் பிந்தின மூண்டு வருசத்தில வித்தியாசம் இல்லையாம். எங்களுக்கு முதியோர் இல்லம் எங்க? முன்னறைதான்.

2023 செப்டெம்பர் 14

திருத்தம் ரெண்டு. டொமினோவில 295 பேர், 200 இல்லை.

அடுத்தது, "இரவில படுக்கேக்க" எண்டு எழுதினன். பெட்டியில அப்பிடித்தான் இருக்கும். எங்கட அம்மா அதைக் குடிச்சுப்போட்டு விடிய ரெண்டு மணிக்கு எழும்பி, குண்டு போடுறாங்கள், பங்கருக்குள்ள இறங்குங்கோ எண்டு கத்தினவ. 90ஆம் ஆண்டு கனவில வந்துட்டுது. டொக்டர் காலமைக்கு மாத்தச் சொன்னார், கனவு போட்டுது. உம்மா நல்லா நித்திரை கொள்ளுறா எண்டால் இரவிலயே இருக்கட்டும்.

2023 செப்டெம்பர் 20

ஒருத்தர் கேட்டிருக்கிறார்: அன்றாட வேலை எண்டு எதைப் பாக்கிறது, எப்பிடிக் குறிக்கிறது?

பழைய பட்டியல் ஒண்டு இருக்கு, 1963இல கட்ஸ் எண்டவர் போட்டது. ஆறே ஆறு: குளிக்கிறது, உடுக்கிறது, ரொய்லெற், எழும்பி இருக்கிறது, மலசலம் அடக்கிறது, சாப்பிடுறது. 1969இல லோட்டன் எண்டவர் இன்னும் எட்டுச் சொன்னார்: ரெலிபோன், கடைக்குப் போறது, சமையல், வீட்டு வேலை, உடுப்புத் தோய்க்கிறது, பஸ் ஏறுறது, மருந்து எடுக்கிறது, காசுக் கணக்கு. வருத்தத்தில முதல் போறது இந்த எட்டும். ஆறும் பிறகுதான், அதிலயும் கடைசியாப் போறது சாப்பாடு. நான் ஒரு சி.ஆர். கொப்பியில இந்த ஆறுக்கும் ஒரு ஒரு கோடு போட்டு, தானாச் செய்தா, சொல்லச் செய்தா, நான் செய்தன் எண்டு மூண்டு அடையாளம் வைக்கிறன். மாசத்தில ஒரு நாள் போதும். நாளுக்கு நாள் பாத்தால் விசர்தான் பிடிக்கும்.

கிளினிக்கில கேக்கிற 30 புள்ளிக் கேள்விகள் ஞாபகத்தைத்தான் கூட அளக்கும். அதில "இப்ப என்ன பருவகாலம்" எண்டு ஒண்டு. ஜூலை மாசம், வெளியில நெருப்பு மாதிரிக் காத்து. அம்மா உடன "கச்சான்" எண்டா. அந்தப் பிள்ளை டொக்டர் மலைநாட்டுப் பக்கம் போல, "அம்மாக்குப் பசிக்குதா?" எண்டு கேட்டிட்டு பூச்சியம் போடப் போனார். நான்தான் இடையில புகுந்து, கடலை இல்லை டொக்டர், மேல் காத்து, எங்களுக்கு இந்த மாசம் அதுதான் காலம் எண்டு விளங்கப்படுத்தினன். சிரிச்சுக்கொண்டு ஒரு புள்ளி தந்தார். வெளியில வந்து அம்மா கச்சான் வாங்கித் தா எண்டு கேட்டவ. அதையும் வாங்கிக் குடுத்தன்.

2023 ஒக்டோபர் 3

இதைத்தான் முதலே எழுதியிருக்க வேணும். குளிப்பு.

போன வருசம் மூண்டு மாசமாக் குளிப்பாட்டுறது யுத்தம். பாத்ரூமுக்குள்ள கொண்டுபோனால் கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிடுவா. ஷவரைத் திறந்தால் கத்துவா. மனிசியின்ர கையைக் கடிச்சுப்போட்டா ஒருநாள். ஒன்பது நாள் குளிக்காமல் இருந்த நேரத்தில ரொறன்ரோவில இருந்து மச்சான் குடும்பமா வந்து, கன்னியாவுக்குப் போவம் எண்டார். மணத்தோட மனுசியைக் கூட்டிக்கொண்டு எப்பிடிப் போறது எண்டு எனக்கு வெக்கம். சரி, பின் சீற்றில இருத்திக் கொண்டுபோனம். அங்க சதுரக் கிணறு ஏழும் உங்களுக்குத் தெரியும்தானே, ஒண்டொண்டு ஒவ்வொரு சூடு. சனம் வாளியால அள்ளி ஊத்திக்கொண்டு நிக்குது. அம்மா கொஞ்ச நேரம் பாத்தா. பிறகு சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினா. பக்கத்தில நிண்ட பிள்ளையின்ர வாளியை வாங்கித் தன்ர தலையில தானே ஊத்தினா. இன்னும் ஒரு வாளி. நான் வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறன்.

வீட்டை வந்து யோசிச்சன். அம்மா பிறந்து எழுபது வருசம் கிணத்தடியில குளிச்ச ஆள். ஷவர் போட்டது 2016இல, அதுவும் என்ர ஆசைக்கு. மேல இருந்து தண்ணி கொட்டிறது எண்டால் என்ன எண்டு அவவுக்கு இப்ப விளங்காது. எங்கட கிணறு உவர், குடிக்க ஏலாது, குளிக்கலாம். கிணத்தை வலை போட்டு மூடினன், பக்கத்தில சீமெந்துத் தட்டில ரப்பர் பாய், பிடிக்க ஒரு பைப் கம்பி, மோட்டரால நிரப்பின ஒரு சிவப்பு வாளி, ஒரு கோப்பை. மறைப்புக்குக் கிடுகு. அதுக்குப் பிறகு இண்டைக்கு வரை முதல் கோப்பை தண்ணியை நான் ஊத்தேல்லை.

கொப்பியில "நான் செய்தன்" இருந்த இடத்தில "சொல்லச் செய்தா" எண்டு பின்னுக்குப் போனது இந்த நாலு வருசத்தில அது ஒண்டுதான். எந்தக் குளிசையும் அதைச் செய்யேல்லை.

2023 ஒக்டோபர் 4

காது! மறந்துபோனன். கூப்பிட்டால் திரும்பாமல் விட்டதை வருத்தம் முத்தினது எண்டு நினைச்சு ரெண்டு மாசம் அழுதம். காதுக்குள்ள ஊத்தை. எண்ணெய் விட்டு ஊறவச்சு, கழுவி எடுத்தாச்சு. உங்கட உம்மாவின்ர காதையும் கண்ணாடியையும் பல்செற்றையும் முதல் பாருங்கோ.

2023 நவம்பர் 19

தேங்காயெண்ணெய் குடுத்தால் இந்த வருத்தம் மாறும் எண்டு எழுதின அக்காவுக்கு. கோபிக்காதீங்கோ. காலமை பிட்டுக்குத் தேங்காய்ப்பூ, மத்தியானம் பால்கறி, இரவு சொதி, இடையில சம்பல். தேங்காயால இந்த வருத்தம் மாறும் எண்டால் கிழக்கு மாகாணத்தில ஒருத்தருக்கும் வந்திருக்கக்கூடாது. அமெரிக்காவில ஒரு டொக்டரம்மா தன்ர மனுசனுக்குக் குடுத்துப் பலன் கண்டதாச் சொன்னதில இருந்துதான் இந்தக் கதை பரவினது. வல்லாரையும் அப்பிடித்தான். சம்பல் நல்ல சம்பல், சாப்பிடுங்கோ, குளிசைக்குப் பதிலா வைக்காதீங்கோ.

2023 டிசம்பர் 8

மழைக்காலம், எல்லாருக்கும் தடிமன், அதால எழுதுறன். பிரிட்டோன் குடுக்காதீங்கோ.

டொனெப்பசில் கூட்டப் பாக்கிற அதே அசெட்டில்கோலினைத்தான் பிரிட்டோன் தடுக்கும். ஒரு கையால தண்ணி ஊத்தி மற்றக் கையால வாளியில ஓட்டை போடுற வேலை. போன மாரிக்கு ஒரு பாமசியில தடிமன் எண்டு சொல்ல அதைத்தான் தந்தவை, நானும் மூண்டு நேரம் மூண்டு நாள் குடுத்தன். அம்மா கரண்டியை எந்தப் பக்கம் பிடிக்கிறது எண்டு தெரியாமல் இருந்தா. நிப்பாட்டி ரெண்டாம் நாள் கரண்டி சரி. நித்திரைக்கும் நோவுக்கும் குடுக்கிற அமிட்ரிப்டிலினும், சலம் அடக்கக் குடுக்கிற ஒக்சிபியூட்டினினும் இதே சாதி. வேற வேற கிளினிக்கில வேற வேற டொக்டர் எழுதுவார், ஒருத்தருக்கு மற்றவர் எழுதினது தெரியாது. எல்லாக் குளிசையையும் ஒரு பையில போட்டு ஒரே மேசையில கொட்டிக் காட்டுங்கோ.

2024 ஜனவரி 22

மச்சான் ரொறன்ரோவில இருந்து வட்ஸ்அப்பில அனுப்பிக்கொண்டே இருக்கிறார், புது ஊசி வந்துட்டுதாம், அம்மாவை இந்தியாவுக்காவது கொண்டுபோகட்டாம். அதான் லெகனெமப். அமெரிக்காவில 2023 ஜூலையில முழு அனுமதி குடுத்தது. மூளையில படியிற அமிலொயிட் எண்ட புரதப் படிவை அகற்றும். வருத்தம் ஆரம்பத்தில இருக்கிற ஆக்களுக்கு மட்டும், ரெண்டு கிழமைக்கு ஒருக்கா நாளத்தால ஏத்த வேணும், இடைக்கிடை எம்.ஆர்.ஐ எடுத்து மூளையில வீக்கமோ ரத்தக்கசிவோ இருக்கா எண்டு பாக்க வேணும். 18 மாசத்தில சரிவு 27 வீதம் மெதுவா. கேக்கப் பெரிசா இருக்கும். 18 புள்ளி அளவுகோலில அது 0.45. அம்மா அந்த ஸ்டேசனைத் தாண்டிப் போயிட்டா எண்டு மச்சானுக்கு எழுதினன். அப்ப டயப்பர் அனுப்பவோ எண்டார். அனுப்புங்கோ எண்டன்.

2024 பெப்ரவரி 17

தொழில்வழிச் சிகிச்சை எண்டால் என்ன, தையல் பழக்கிறதா எண்டு ஒரு தம்பி. நானும் அப்பிடித்தான் நினைச்சனான். அன்றாட வேலையை ஆள் தானே செய்ய வழி பண்ணிக் குடுக்கிறதுதான் அது.

சொந்தத்தில ஒரு பிள்ளை அது படிச்சு வந்தவ. ஒரு பின்னேரம் வந்து, அம்மாவிட்ட ஒரு கேள்வியும் கேக்கேல்லை. "எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தித் தாங்கோ" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு குசினியில ஒரு கதிரையில இருந்திட்டா. அம்மா கேத்திலை எடுத்தா, வச்சா, சுத்தி நிண்டா. நான் உடன எழும்பிப் போனன். அந்தப் பிள்ளை என்ர சேட்டைப் பிடிச்சு இழுத்து இருத்தினா. மனசுக்குள்ள பத்து வரை எண்ணச் சொன்னா. எட்டில அம்மா தேயிலை டப்பாவைத் திறந்தா. சீனிக்குப் பதில் உப்பு வந்தது, அது வேற கதை.

அதுக்குப் பிறகு அலுமாரியை ஒழுங்குபடுத்தினம். தேயிலை, சீனி, கோப்பை, கரண்டி மட்டும் ஒரு தட்டில, எடுக்க வேண்டிய வரிசையில. உப்புப் போத்தல் மேல் தட்டுக்கு. ரொய்லெற் வாசலில கிடந்த கறுப்புக் கால்மிதியை எடுத்தம், அம்மாக்கு அது குழியாத் தெரிஞ்சிருக்கு, அதுதான் அந்த வாசலில நிண்டு நிண்டு சலம் விட்டவ. நீளமாக் கதைக்கிறதை விட்டு ஒரு சொல் மட்டும்: "இருங்கோ." "பிடியுங்கோ."

ஒல்லாந்தில 2006இல இதைச் சோதிச்சு வெளியிட்டவை: 135 நோயாளரும் பாக்கிற ஆக்களும், வீட்டுக்கு வந்து ஐஞ்சு கிழமையில பத்து அமர்வு. அன்றாட வேலை கூடினது, மூண்டு மாசத்திலயும் நிண்டது. எங்களுக்குக் கிடைச்சது ரெண்டு பின்னேரமும் ஒரு உப்புத் தேத்தண்ணியும்.

அண்டைக்குத்தான் எனக்கு உறைச்சது. அம்மாவின்ர வேலையில பாதியைப் பறிச்சது வருத்தம். மிச்சப் பாதியை நான். பள்ளிக்கூடம் ஏழரைக்கு, எனக்கு அவசரம். அவ கொழுக்கி பூட்டப் பத்து நிமிசம், நான் பூட்டினால் பத்து செக்கன். ஒரு வருசம் நான் பூட்டினன். பிறகு அவ பூட்டவே இல்லை.

2024 மே 6

ஆளின்ர நிலமை திடீரெண்டு மோசமானால் அது அல்சைமர் இல்லை எண்டு நினையுங்கோ. அல்சைமர் மாசக்கணக்கில இறங்கும். சனிக்கிழமை நடந்த எங்கட அம்மா திங்கட்கிழமை எழும்பேல்லை, ஆளைத் தெரியேல்லை, சுவரில பூச்சி ஓடுது எண்டுறா. சொந்தக்காரர் வந்து கையைப் பிடிச்சு அழத் தொடங்கிட்டினம். சலத்தில கிருமி. மருந்து அஞ்சு நாள். மற்ற ஞாயிறு படலை வரை நடந்து போனா. மலச்சிக்கல், தண்ணி குடிக்காதது, புதுக் குளிசை, இதுகளும் இப்பிடிச் செய்யும். மே மாசத்து வெக்கையில தண்ணியைக் கவனியுங்கோ.

2024 ஓகஸ்ட் 13

படலை எண்டு எழுதினதால மான் கதை.

கோட்டை மான் எல்லாம் ரோட்டுக்கு வாறது ஊருக்குத் தெரியும். காலமை மரக்கறித் தோலைக் கொண்டுபோய் படலையடியில போடுறது அம்மாவின்ர வேலை, முப்பது வருசமா. வருத்தம் வந்த பிறகு தோலைப் பொலித்தீன் பையில கட்டிப் பையோட போடத் தொடங்கினா. பொலித்தீன் திண்டு மான் சாகுது எண்டு எல்லாரும் கத்துறம், நான் அந்த வேலையை வாங்கி மனிசியிட்டக் குடுத்திட்டன். மேல பெப்ரவரியில எழுதின ஞானம் வர முந்தி. பிறகுதான் பொலித்தீனை எல்லாம் ஒளிச்சுப்போட்டு ஒரு ஓலைப்பெட்டி வச்சம். இப்ப குசினியில இருந்து படலைக்கு நாப்பது அடி, போய் வாறா, ரெண்டு தரம் மூண்டு தரம். வெறும் பெட்டியோடயும் போவா.

நடையும் உடற்பயிற்சியும் உதவுமா எண்டதில ஆராய்ச்சிகளே முட்டுப்படுது. பின்லாந்தில 210 பேரோட ஒரு வருசம் செய்ததில, வீட்டுக்கு வந்து பயிற்சி குடுத்த ஆக்களின்ர அன்றாட வேலை மெதுவாத்தான் குறைஞ்சது. இங்கிலாந்தில 2018இல வந்ததில கடுமையான பயிற்சி குடுத்தும் மறதி குறையேல்லை. ரெண்டும் ரெண்டு விசயத்தை அளந்திருக்கு எண்டு இப்ப நினைக்கிறன். நடந்தால் கால் பலக்கும், ரொய்லெற்றுக்குத் தானே போவா. தேதி தெரிய வராது.

2024 நவம்பர் 2

"நிப்பாட்டாதீங்கோ" எண்டு தலைப்பாகை கட்டிக்கொண்டு எழுதினனே, அதைத் திருத்த வேண்டி வந்துட்டுது.

அம்மா கிணத்தடியில மயங்கி விழுந்திட்டா. எலும்பு தப்பினது. நாடி 44. டொனெப்பசில் இதயத் துடிப்பைக் குறைக்கும், பிரசருக்குக் குடுத்த அட்டெனொலோலும் குறைக்கும், ரெண்டையும் சேர்த்து ஒன்றரை வருசம் குடுத்திருக்கிறம். குளிசை எல்லாத்தையும் ஒரே மேசையில கொட்டுங்கோ எண்டு உங்களுக்கு எழுதினவன்தான் நான். என்ர பையை நான் கொட்டேல்லை. ஈ.சி.ஜி எடுத்து, டொனெப்பசிலை உடன நிப்பாட்டி, பிரசர் மருந்தை மாத்திவிட்டவை.

தம்பி, உம்மாவின்ர நாடியைப் பாருங்கோ. ஒரு நிமிசம் முழுசா எண்ணுங்கோ. தலை சுத்துது, மயங்குறா எண்டால் அண்டைக்கே காட்டுங்கோ.

2024 டிசம்பர் 1

நாலு கிழமை குளிசை இல்லாமல். ரெண்டாம் கிழமையில சீப்பை வாயில வச்சா. மூண்டாம் கிழமை ஓலைப்பெட்டியைப் பாத்து "இது ஆற்ற?" எண்டா. நாடி 66க்கு வந்த பிறகு டொக்டர் 5 மில்லிகிராம் திரும்பத் தொடங்கினார். பெட்டி திரும்பி வந்தது. சீப்பு வரேல்லை. குளிசையாலதானா, விழுந்த பயம் தெளிஞ்சதாலயா எண்டு பிரிச்சுச் சொல்ல என்னட்டை ரெண்டு அம்மா இல்லை.

மெமன்டினும் சேர்த்திருக்கு, நடுத்தரத்துக்கு மேல போன ஆக்களுக்குக் குடுக்கிறது, கிழமைக்கு 5 மில்லிகிராமாக் கூட்டி 20 வரை. பின்னேரக் கத்தல் குறைஞ்ச மாதிரி. முதல் கிழமை தலைச்சுத்து.

2025 மார்ச் 9

கிண்ணியாத் தம்பி ரெண்டு வருசம் கழிச்சு வந்து எழுதியிருக்கிறார் (ரெண்டு இல்லை, ஒன்றரை). குளிசை நிப்பாட்டேல்லையாம், நாடி 70ஆம். உம்மா இப்ப குளிக்க விடுறா இல்ல, ஆனா தொழுகைக்கு வுழூ மட்டும் தானே செய்யுறா, ஒண்டு தப்பாம, கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, காது, கால் எண்டு வரிசையா, இது எப்பிடி அண்ணன் எண்டு கேக்கிறார்.

தம்பி, அறுபது வருசம் ஒரு நாளைக்கு அஞ்சு நேரம் கை செய்தது. அந்த ஞாபகம் பேர் இருக்கிற இடத்தில இல்லை, வேற இடத்தில இருக்கு, அது கடைசியாத்தான் போகும். குளிப்பை அதில கட்டிப் பாருங்கோ. "குளிக்க வாங்க" எண்டு சொல்ல வேண்டாம். "வுழூச் செய்வம்" எண்டு கூட்டிக்கொண்டு போங்கோ, அவ இருக்கிற அந்த இடத்திலேயே. கால் கழுவி முடிய, ஒரு கோப்பை தண்ணியை அவவின்ர கையில குடுங்கோ. நீங்க ஊத்தாதீங்கோ. பத்து எண்ணுங்கோ.

2025 மார்ச் 16

செய்து பாத்தாராம். மூண்டு நாள் சரிவரேல்லை, நாலாம் நாள் தோளில ஊத்தினாவாம். தலைக்கு இன்னும் இல்லை.

2025 மார்ச் 17

மனிசி இதை முதலில இருந்து வாசிச்சுப்போட்டு ரெண்டு பிழை சொல்லுறா. கையைக் கடிச்சது ஒருநாள் இல்லையாம், மூண்டு நாளாம். வாளி சிவப்பில்லையாம், மஞ்சள். சிவப்பு வாளி எங்களிட்ட இருந்ததே இல்லையாம்.

போய்ப் பாத்தன். மஞ்சள்தான்.